வெளிநாட்டில் வண்டி ஓட்ட லைசென்ஸ்: ஐடிபி போதுமா, மாற்றிக்கொள்வதா, புதிதாக எடுப்பதா?

வேலைக்கோ படிப்புக்கோ வேறு நாட்டில் குடியேறியவர்கள் முதல் சில வாரங்களிலேயே கேட்கும் கேள்வி இது: "பல வருஷமா கார் ஓட்டறேன், கையில லைசென்ஸ் இருக்கு. இங்கேயும் அதுவே செல்லாதா?" செல்லும், ஆனால் கொஞ்ச நாளைக்குத்தான். அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு, அதற்குள் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

முன்னால் இருப்பவை நான்கு வழிகள். சொந்த நாட்டு லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியை (எல்லோரும் சொல்வதுபோல் இனி ஐடிபி என்றே சொல்கிறேன்) வைத்துக்கொண்டு ஓட்டுவது. தேர்வே இல்லாமல் உள்ளூர் லைசென்ஸாக மாற்றிக்கொள்வது. சுருக்கமான தேர்வு எழுதி மாற்றிக்கொள்வது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கிப் புதிதாக எடுப்பது. இந்த நான்கும் எல்லோருக்கும் திறந்திருப்பதில்லை. உங்களுக்கு எது திறந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கட்டணத்தை ஒப்பிடுவதெல்லாம் அப்புறம்தான்.

## எதை வைத்து முடிவெடுப்பது

நீங்கள் அங்கே பயணியா, வசிப்பவரா? எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி இதுதான். 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தமே, தன் நாட்டுக்குக் குடிமாறி வந்தவரின் வெளிநாட்டு லைசென்ஸை ஏற்க மறுக்கும் உரிமையை உறுப்பு நாடுகளுக்குக் கொடுத்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு கெடு வைத்திருக்கிறது. ஜெர்மனியில் குடியேறியதிலிருந்து 6 மாதம். பிரிட்டனிலும் சுவிட்சர்லாந்திலும் 12 மாதம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 60 நாள். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் ஒரு கணக்கு: நியூயார்க்கில் 30 நாள், கலிபோர்னியாவில் குடியிருப்பவர் ஆன பிறகு வெறும் 10 நாள். சுற்றுலா வந்த நண்பர் அதே ஊரில் மாதக்கணக்கில் ஓட்டுகிறாரே என்று பார்த்து ஏமாற வேண்டாம். அவர் பயணி, நீங்கள் வசிப்பவர். சட்டம் வேறு.

லைசென்ஸ் எந்த நாடு கொடுத்தது? பார்ப்பது பாஸ்போர்ட்டை அல்ல, லைசென்ஸைக் கொடுத்த நாட்டை. நாடுகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்ட பட்டியல்கள் உண்டு. அந்தப் பட்டியலில் உங்கள் லைசென்ஸ் கொடுத்த நாடு இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால், இருபது வருட அனுபவம் இருந்தாலும் கணினி முன் உட்கார்ந்து சாலைக் குறிகளுக்கு விடை சொல்ல வேண்டியதுதான்.

இன்ஷூரன்ஸ் என்ன சொல்கிறது? போலீஸ் நிறுத்தினால் அபராதத்தோடு போகலாம். விபத்து நடந்து, அன்றைக்கு உங்கள் லைசென்ஸ் அந்த நாட்டில் செல்லாதது என்று தெரிந்தால், இன்ஷூரன்ஸ் நிறுவனம் கையை விரித்துவிடலாம். அல்லது எதிராளிக்குப் பணம் கொடுத்துவிட்டு அதை உங்களிடம் வசூலிக்க வரலாம். லைசென்ஸ் கட்டணம், பயிற்சிக் கட்டணம் எல்லாம் இந்தத் தொகையின் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

எந்த வண்டி? கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா, இருசக்கர வாகனமா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். அடுத்து எங்கே போகப்போகிறீர்கள் என்பதும் முக்கியம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

## ஒரே பார்வையில்

| | ஐடிபி | நேரடி மாற்று | தேர்வெழுதி மாற்று | புதிதாக எடுப்பது |
|---|---|---|---|---|
| யாருக்குக் கிடைக்கும் | ஒப்பந்தம் பொருந்தும் நாடுகளில் | பட்டியலில் உள்ள நாடுகளின் லைசென்ஸுக்கு | பட்டியலுக்கு வெளியே, நாட்டைப் பொறுத்து | வசிப்பு அனுமதி உள்ளவர்களுக்கு |
| தேர்வு | இல்லை | இல்லை. கண் பரிசோதனை இருக்கலாம் | எழுத்து, ஓட்டுதல், அல்லது இரண்டும் | எல்லாமே |
| பழைய லைசென்ஸ் | கையிலேயே இருக்கும் | பெரும்பாலும் ஒப்படைக்க வேண்டும் | நாட்டைப் பொறுத்தது | பெரும்பாலும் தொட மாட்டார்கள் |
| கண்ணில் படாத செலவு | கெடு முடிந்தால் இன்ஷூரன்ஸ் இல்லாமல் போவது | மொழிபெயர்ப்பு, காத்திருப்பு, சில வாகன வகைகளை இழப்பது | திரும்பத் திரும்பத் தேர்வு, வேலைக்கு லீவு | பயிற்சி, மாதங்கள், புதிய ஓட்டுநருக்கான இன்ஷூரன்ஸ் |
| எப்போது நல்லது | குறுகிய தங்கல், ஆரம்ப மாதங்கள் | கிடைத்தால் பெரும்பாலும் இதுதான் | அனுபவம் இருந்து, பட்டியலில் இல்லாதபோது | நீண்ட காலம், புதிய சாலைப் பழக்கம், கெடு தாண்டியபோது |

## ஐடிபி: பாலம், வீடு அல்ல

ஐடிபி தனியாக ஒரு லைசென்ஸ் அல்ல. சாம்பல் நிற அட்டை போட்ட சிறு கையேடு. உங்கள் சொந்த லைசென்ஸில் உள்ளதைப் பல மொழிகளில் சொல்வது, அவ்வளவுதான் அதன் வேலை. மூல லைசென்ஸ் பக்கத்தில் இல்லாவிட்டால் அது வெறும் காகிதம்.

இதில் பலருக்குத் தெரியாத சிக்கல் ஒன்று உண்டு: ஐடிபி ஒரே வகை இல்லை. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தத்தின்படி கொடுப்பது ஒன்று. அது 1 வருடம் செல்லும். 1968ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தத்தின்படி கொடுப்பது இன்னொன்று. அது அதிகபட்சம் 3 வருடம், அதற்குள் மூல லைசென்ஸ் காலாவதியானால் அன்றோடு சரி. ஜப்பான் 1949 வகையை மட்டுமே ஏற்கிறது. வியட்நாம் 1968 வகையை ஏற்கிறது. ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து போன்ற சில நாடுகளின் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஜப்பானில் ஐடிபி இல்லாமல், தங்கள் லைசென்ஸின் அங்கீகரிக்கப்பட்ட ஜப்பானிய மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். சீனா இந்த ஒப்பந்தங்களில் சேரவே இல்லை. அங்கே எந்த ஐடிபியும் எடுபடாது. ஆகவே ஐடிபி எடுக்குமுன், போகிற நாடு எந்த வகையைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு, அட்டையில் எந்த ஆண்டு ஒப்பந்தம் என்று அச்சிட்டிருப்பதையும் ஒருமுறை சரிபாருங்கள்.

இணையத்தில் "பத்து வருடம் செல்லும் சர்வதேச லைசென்ஸ்" என்று விற்பவர்களைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. ஜெனீவா, வியன்னா இரண்டிலுமே பத்து வருடம் என்பது கிடையாது. காசு போவதோடு போலி ஆவணம் காட்டிய வம்பும் சேரும்.

ஐடிபியின் காலமும் நாட்டின் கெடுவும் வேறு வேறு. கையேட்டில் இன்னும் எட்டு மாதம் பாக்கி என்றாலும், நீங்கள் வசிக்கும் நாட்டின் கெடு நேற்றோடு முடிந்திருந்தால் இன்று ஓட்டக் கூடாது. ஒருமுறை எல்லை தாண்டிவிட்டு வந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. ஜப்பான் இதற்கென்றே விதி வைத்திருக்கிறது: அங்கே குடியிருப்பவராகப் பதிவு செய்தவர் வெளியே போய் 3 மாதத்துக்குள் திரும்பினால், புதிய ஒரு வருடக் கணக்கு தொடங்காது.

இருசக்கர வாகனம் ஓட்டுபவர்கள் ஐடிபியில் 'ஏ' பிரிவுக்கு நேரே முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கார் பிரிவு மட்டும் இருக்கிறவருக்கும் வாடகைக் கடையில் ஸ்கூட்டர் கொடுத்துவிடுவார்கள். விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ்காரர் கொடுக்க மாட்டார்.

ஆறு மாத ஒப்பந்த வேலை, ஒரு பருவப் படிப்பு, குடும்பத்தைப் பார்க்க வந்த நீண்ட பயணம் என்றால் ஐடிபி போதும், அதுவும் நாட்டின் கெடுவுக்குள் என்றால் மட்டும். அதற்கு மேல் தங்குபவர் ஐடிபி செல்லும் மாதங்களை ஜாலியாக ஓட்டுகிற காலமாக எடுத்துக்கொள்ளாமல், உள்ளூர் லைசென்ஸ் வாங்குவதற்கான அவகாசமாகப் பார்க்க வேண்டும்.

## நேரடி மாற்று: கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் கணக்குப் போட்டுப் போங்கள்

விண்ணப்பம், புகைப்படம், வசிப்புச் சான்று, சில இடங்களில் கண் பரிசோதனை. முடிந்தது. பட்டியலில் இருப்பவர்களுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் இதற்கும் கெடு உண்டு, அதைத் தவறவிட்டால் பட்டியலில் இருந்தும் பயனில்லாமல் போகலாம். பிரான்ஸில் குடியேறி ஒரு வருடத்துக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விட்டால் புதிய ஓட்டுநர்போல் தேர்வெழுத வேண்டும். பிரிட்டன் இதில் தாராளம்: 12 மாதத்துக்குப் பிறகு பழைய லைசென்ஸில் ஓட்ட முடியாதே தவிர, பட்டியல் நாட்டுக்காரர் குடியேறி 5 வருடம்வரை மாற்றிக்கொள்ளலாம்.

பல நாடுகள் பழைய லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்கின்றன. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அதை ஒப்படைத்தால்தான் மாற்றித் தருவார்கள், அதுதான் விதி. சொந்த நாட்டுக்கு விடுமுறையில் போய் வண்டி எடுக்கும்போது இது உறைக்கும். அந்தச் சமயத்தில் நீங்கள் அங்கே வெளிநாட்டு லைசென்ஸ்காரர். விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் வாரங்களில் ஓட்டலாமா என்பதையும் கவுன்டரிலேயே கேட்டு, எழுத்தில் ஒரு சான்று வாங்கிக்கொள்வது நல்லது.

லாரி, பஸ், பைக் போன்ற பிரிவுகள் மாற்றத்தில் விழுந்துவிடுவது சாதாரணம். கார் மட்டும் மாறி வரும். நீங்கள் கியர் வண்டியில் தேர்வானதற்குச் சான்று இல்லாவிட்டால் ஆட்டோமேட்டிக் மட்டும் ஓட்டலாம் என்று எழுதிவிடும் நாடுகளும் உண்டு.

அப்புறம், அடுத்த நாடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாட்டு லைசென்ஸ் எல்லா நாட்டிலும் செல்லும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் ஒரு விலக்கு உண்டு. ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய லைசென்ஸை மாற்றித் தரும்போது, அட்டையின் பின்பக்கம் 70 என்ற குறியீட்டோடு எந்த நாட்டு லைசென்ஸிலிருந்து மாறியது என்று பொறித்துவிடுவார்கள். பிறகு நீங்கள் இன்னொரு ஒன்றிய நாட்டுக்குக் குடிமாறினால், அந்த நாடு அதை ஏற்காமல் விடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இரண்டு வருடத்தில் வேறு நாட்டுக்கு மாற்றல் வரலாம் என்ற வேலையில் இருப்பவர், மாற்றிய லைசென்ஸா, தேர்வெழுதிப் பெற்ற லைசென்ஸா என்று யோசிக்க இது ஒன்றே போதுமான காரணம்.

## தேர்வெழுதி மாற்றுவது: பெயரில்தான் சுருக்கம்

நான்கில் மிகவும் வேறுபடுவது இதுதான். ஒரு நாட்டில் அரை நாள் வேலை, இன்னொரு நாட்டில் மூன்று மாதப் போராட்டம்.

எளிய பக்கத்தில் சிங்கப்பூர்: கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் அடிப்படை எழுத்துத் தேர்வில் 50 கேள்விகளுக்கு 45 சரியாகப் போட்டால் மாற்றிக்கொள்ளலாம். ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. சீனாவிலும் வசிப்பு அனுமதியும் கார் லைசென்ஸும் உள்ளவர் எழுத்துத் தேர்வோடு தப்பிவிடலாம். ஆனால் 100 கேள்வியில் 90 எடுக்க வேண்டும். இரண்டிலுமே பொது அறிவை நம்பிப் போனால் விழுந்துவிடுவோம். கேள்வித்தாளில் வருவது அந்த நாட்டின் அபராத எண்ணிக்கைகளும் குறிகளும்.

ஜெர்மனியில் பட்டியலுக்கு வெளியே உள்ளவர் எழுத்தும் ஓட்டுதலும் இரண்டும் எழுத வேண்டும். இத்தனை வகுப்பு கட்டாயம் என்ற விதி மட்டும் அவருக்கு இல்லை, அதுதான் சலுகை. முதலுதவிப் பயிற்சி, கண் பரிசோதனை, டிரைவிங் ஸ்கூல் வண்டி என்று செலவு தனித்தனியாக வந்து சேரும். எழுத்துத் தேர்வை 12 வெளிநாட்டு மொழிகளில் எழுதலாம், தமிழ் அதில் இல்லை, ஆங்கிலம் உண்டு. ஓட்டுதல் தேர்வு ஜெர்மனில்தான்: அடுத்த வாய்ப்பில் இடப்பக்கம் திரும்பு, அங்கே நிறுத்து என்ற அளவுக்காவது காது பழக வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் பட்டியலுக்கு வெளியே உள்ளவர்களுக்கு ஒரு சோதனை ஓட்டம் வைக்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அதற்கு ஒரே வாய்ப்பு. தோற்றால் மறுபடி எழுத முடியாது; வெளிநாட்டு லைசென்ஸில் அங்கே ஓட்டத் தடை விழும், கற்போர் அனுமதியிலிருந்து தொடங்க வேண்டும். அனுபவசாலிகள்தான் இதில் அதிகம் சறுக்க வாய்ப்பு என்று எனக்குப் படுகிறது, "நான் ஓட்டாத ரோடா" என்று தயாராகாமல் போவதால். வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு வழிவிடும் விதி, சைக்கிள் பாதை, தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பது. பழக்கமில்லாதவர் இதற்காக உள்ளூர்ப் பயிற்சியாளரோடு இரண்டு மூன்று வகுப்பாவது போய்விட்டுப் போவது காசுக்குப் பழுதில்லை.

ஜப்பானைக் கொஞ்சம் விரித்துச் சொல்லலாம், ஏனென்றால் அங்கே விதியே சமீபத்தில் இறுகியிருக்கிறது. 2025 அக்டோபர் வரை மாற்றத்துக்கான எழுத்துத் தேர்வு 10 கேள்விகள்தான், 7 சரியாக இருந்தால் போதும். இப்போது 50 கேள்விகள், 90 சதவீதம் வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து மாற்றிக்கொள்ளும் வழியையும் அடைத்துவிட்டார்கள். ஓட்டுதல் தேர்வு சாலையில் அல்ல, மூடிய மைதானத்தில். அங்கே 'எஸ்' வளைவு இருக்கும். கோணல் கோணலாகத் திரும்பும் ஒரு குறுகிய பாதையும் இருக்கும், பக்கங்களில் கம்பம் தொங்கும். வண்டியை நன்றாக ஓட்டுகிறீர்களா என்பதைவிட, சொன்னதைச் சொன்ன வரிசையில் செய்கிறீர்களா என்று பார்ப்பார்கள். திரும்புவதற்கு 30 மீட்டர் முன்பே இண்டிகேட்டர், தடம் மாறுவதற்கு 3 விநாடி முன்பே இண்டிகேட்டர், நடுக்கண்ணாடி, பக்கக் கண்ணாடி, பிறகு தலையைத் திருப்பி ஒரு பார்வை. கண்ணை மட்டும் உருட்டினால் தேர்வாளர் பார்க்கவில்லை என்றே எழுதுவார். தலை திரும்புவது தெரிய வேண்டும். முன்கூட்டியே மைதானத்தில் பயிற்சி எடுத்தவர்களுக்கும் நேராகப் போனவர்களுக்கும் வித்தியாசம் இங்கேதான்.

## புதிதாக எடுப்பது: அவமானம் ஒன்றும் இல்லை

"இத்தனை வருஷம் ஓட்டிட்டு மறுபடி எல் போர்டா?" என்ற தயக்கம்தான் இந்த வழிக்குப் பெரிய எதிரி. பட்டியலில் இல்லாத நாட்டு லைசென்ஸோடு பிரிட்டனுக்குப் போனவருக்கு இதுதான் ஒரே வழி. 50 கேள்வியில் 43 சரியாக வேண்டும், அதோடு ஆபத்தை முன்கூட்டிக் கண்டுகொள்ளும் வீடியோ தேர்வு, பிறகு சுமார் 40 நிமிட சாலைத் தேர்வு. சிறு தவறுகள் 15 வரை பொறுத்துக்கொள்வார்கள், பெரிய தவறு ஒன்று போதும் தோற்க. எழுத்துத் தேர்வின் வெற்றி 2 வருடம்தான் செல்லும். சாலைத் தேர்வுக்கு இடம் கிடைக்காமல் தள்ளிக்கொண்டே போனால் எழுத்தையும் மறுபடி எழுத நேரும். முதல் 12 மாதம் ஓட்டலாம் என்ற தெம்பில் பத்தாவது மாதம்வரை சும்மா இருப்பவர்கள் மாட்டுவது இங்கேதான்.

செலவில் பெரியது பயிற்சிக் கட்டணம் என்று தோன்றும். உண்மையில் இன்ஷூரன்ஸ்தான். உள்ளூர் லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து அனுபவத்தை எண்ணும் நிறுவனத்துக்கு, நாற்பது வயதுக்காரரும் நேற்று தேர்வானவர்தான். பிரிட்டனில் தேர்வாகி முதல் 2 வருடத்துக்குள் 6 தண்டப் புள்ளி சேர்ந்தால் லைசென்ஸே பறிபோகும். ஆட்டோமேட்டிக்கில் தேர்வு எழுதினால் எளிது, ஆனால் அந்த லைசென்ஸில் கியர் வண்டி ஓட்ட முடியாது. வாடகை வண்டிகள் பெரும்பாலும் கியர் வண்டியாக இருக்கும் நாடுகளில் இது பின்னால் கடிக்கும்.

ஆனாலும் சாலையின் மறுபக்கத்தில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்த வழியையே நான் சொல்வேன், மாற்று கிடைத்தால்கூட இரண்டு வகுப்புகளாவது. நீண்ட காலம் தங்கப்போகிறவருக்கும், நாடு நாடாக மாறப்போகிறவருக்கும், தேர்வெழுதிப் பெற்ற லைசென்ஸ் மாற்றிய லைசென்ஸைவிட உறுதியானது. பழைய லைசென்ஸும் பெரும்பாலும் கையில் இருக்கும்.

## லீவில் போய் எடுத்துவிட்டு வரலாமா?

லைசென்ஸே இல்லாமல் குடியேறியவர்கள் கேட்பது இது. சொந்த நாட்டில் எடுப்பது சுலபம், மலிவு. இரண்டு வாரத்தில் எடுத்துவந்து இங்கே மாற்றிக்கொள்ளலாமே? பல நாடுகள் இந்த ஓட்டையை எப்போதோ அடைத்துவிட்டன. ஜப்பானில் லைசென்ஸ் கிடைத்த பிறகு அதைக் கொடுத்த நாட்டில் மொத்தம் 3 மாதம் இருந்ததைக் காட்ட வேண்டும், பாஸ்போர்ட் முத்திரைகளைத் தேதி தேதியாகக் கூட்டிப் பார்ப்பார்கள். ஜெர்மனியில் வசித்துக்கொண்டிருக்கும்போது வெளியே போய் எடுத்த லைசென்ஸுக்கு அங்கே மதிப்பில்லை. இப்படி இருக்கும்போது நேராக உள்ளூரிலேயே கற்றுக்கொள்வதுதான் மொத்தத்தில் குறைந்த செலவு.

## கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூல லைசென்ஸ், அதுவும் இன்னும் நீண்ட நாள் செல்லுபடியாகும்படி புதுப்பித்தது. காலாவதியான லைசென்ஸைப் பெரும்பாலான நாடுகள் மாற்றித் தராது, வெளிநாட்டிலிருந்து புதுப்பிப்பது பெரிய தலைவலி. எப்போது முதலில் எடுத்தீர்கள், எந்தப் பிரிவு, கியர் வண்டியா என்பதைக் காட்டும் சான்றிதழ். லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தில் வாங்கலாம். ஒன்டாரியோ போன்ற இடங்களில் இந்த அனுபவச் சான்று காத்திருப்புக் காலத்தையே குறைக்கும். பழைய பாஸ்போர்ட்டுகளையும் தூக்கிப் போட வேண்டாம். இன்ஷூரன்ஸில் கிளெய்ம் இல்லை என்ற கடிதம் கிடைத்தால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லா நிறுவனமும் மதிப்பதில்லை, மதிக்கும் ஒன்று கிடைத்தால் பிரீமியம் இறங்கும்.

## கெடு ஏற்கெனவே தாண்டிவிட்டதா?

இன்றோடு ஸ்டியரிங்கை விடுங்கள். இன்ஷூரன்ஸ் கட்டிக்கொண்டுதானே இருக்கிறேன் என்ற சமாதானம் உதவாது. பிரீமியம் வாங்கியதும் கிளெய்ம் கொடுப்பதும் வேறு வேறு. பிறகு லைசென்ஸ் அலுவலகத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: கெடு தாண்டியதால் ஓட்டும் உரிமை மட்டும் போனதா, மாற்றும் உரிமையும் போய்விட்டதா? பிரிட்டனில் பட்டியல் நாட்டுக்காரருக்கு முதலாவது மட்டும்தான் போயிருக்கும். ஒரு விண்ணப்பத்தோடு சரியாகிவிடும். பிரான்ஸில் இரண்டும் போயிருக்கும். அப்படியென்றால் டிரைவிங் ஸ்கூலில் பெயரைக் கொடுத்துவிட்டு, சாலைத் தேர்வுக்கு எவ்வளவு நாள் வரிசை என்று அன்றைக்கே விசாரித்து வையுங்கள்.